மூன்றில் ஒரு பங்கு: நமது நாட்டின் சிறிய படங்களும் நமது கதையும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். சினிமா பற்றியது என்றதும் தாண்டிப் போய்விட வேண்டாம். நடிகர்களைப் பற்றியோ பாட்டுகளைப் பற்றியோ நாம் பேசப் போவதில்லை. இந்த நாட்டில் மனிதர்கள் பட்ட வேதனையைச் சின்னச் செலவில், பெரிய நட்சத்திரங்கள் இல்லாமல் படமாக எடுத்து வைத்தவர்களைப் பற்றியும், அந்தப் படங்களுக்குள் நாம் எங்கே இருக்கிறோம் என்பதைப் பற்றியும்தான் இந்தப் பதிவு.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் நாங்கள் அவ்வப்போது கேட்பதுண்டு: "1990இல் வடக்கிலிருந்து நமது ஆட்கள் வெளியேற்றப்பட்டது தெரியுமா?" கைகள் உயரும். "அதைப் பற்றி ஏதாவது கதை, படம், பாட்டு தெரியுமா?" என்று கேட்டால் உயர்ந்த கைகள் இறங்கிவிடும். திகதி தெரிகிறது, கதை தெரியவில்லை. திகதியைப் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடலாம். கதையை அப்படி மறக்க முடியாது. இந்தப் பதிவு அந்தப் பிள்ளைகளுக்காகவும்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு.

இலங்கையின் முதலாவது சிங்களப் பேசும் படம் 'கடவுனு பொரொந்துவ' 1947 ஜனவரியில் திரைக்கு வந்தது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். படம் பிடிக்கப்பட்டது மதுரையில் இருந்த ஒரு ஸ்டூடியோவில். அடுத்து வந்த பல வருடங்களுக்கு நமது நாட்டுப் படம் என்றால் தென்னிந்திய ஸ்டூடியோவில், தென்னிந்தியப் படத்தின் அச்சில், சிங்களம் பேசும் படம் என்றுதான் இருந்தது. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதை மாற்றினார். அரசாங்கத் திரைப்படப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தவர், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த ஆகிய இருவரோடும் வெளியே வந்து 'ரேகாவ' என்ற படத்தை எடுத்தார். ஸ்டூடியோச் சுவருக்குள் இல்லாமல் உண்மையான கிராமத்தில், வெயிலிலும் வயலிலும் எடுத்தார். அடுத்த வருடம் அது பிரான்ஸின் கான் திரைப்பட விழாவுக்குப் போனது. நாட்டில் வசூல் பெரிதாக இல்லை. ஆனால் இந்த மண்ணின் மனிதனை அவன் மண்ணிலேயே வைத்துக் காட்டலாம் என்ற எண்ணம் அன்றிலிருந்துதான் வேர் பிடித்தது.

தமிழ்ப் படத்தின் கதை வேறு. 1962இல் 'சமுதாயம்', 1963இல் 'தோட்டக்காரி' என்று இலங்கையில் தமிழ்ப் படங்கள் தொடங்கின. ஆனால் அவை போட்டி போட வேண்டியிருந்தது யாரோடு? எம்.ஜி.ஆரோடும் சிவாஜியோடும். தியேட்டர்காரர்களுக்கு இந்தியப் படப்பெட்டி வந்தால் போதும். நமது கரையோர ஊர்களிலும் அதே நிலைதான். சென்னைப் படத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்களே தவிர, நமது நாட்டுத் தமிழ்ப் படத்தைத் தேடிப் போனவர்கள் குறைவு. சிங்கள மொழியில் வேறு நாட்டுப் படம் போட்டிக்கு இல்லை, ஆகவே அது தடுமாறித் தடுமாறியாவது வளர்ந்தது. இலங்கைத் தமிழ்ப் படம் நடக்கப் பழகும் முன்பே ஓடச் சொல்லப்பட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் 1977இல் வந்த 'பொன்மணி'. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ, ஒரு சிங்களவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் அங்குள்ள வாழ்க்கையைப் பக்கத்தில் இருந்து பார்த்து எடுத்த படம். சீதனமும் சாதியும் ஒரு பெண்ணின் வாழ்க்கையை எப்படி நசுக்குகின்றன என்பதுதான் கதை. சண்டை இல்லை, கனவுப் பாட்டு இல்லை, வசனமும் குறைவு. தென்னிந்தியப் படத்தின் வேகத்துக்குப் பழகிய ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. இன்று திரைப்படம் படிக்கிறவர்கள் இலங்கைத் தமிழ்ப் படங்களில் முதலில் பெயர் சொல்லும் படங்களில் ஒன்று அது.

சீதனம் என்றதும் நமது ஊர்கள் ஞாபகத்துக்கு வருகின்றன அல்லவா? மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வாப்பா கட்டாருக்கும் சவூதிக்கும் போய்ப் பத்து வருடம், பதினைந்து வருடம் இருக்கிறார். மூத்தவளுக்கு வீடு முடியும்போது இளையவளுக்கு வயது போய்விடுகிறது. 'பொன்மணி' யாழ்ப்பாணத்துக் கதைதான். ஆனால் கல்முனைக்குடியிலோ நிந்தவூரிலோ மருதமுனையிலோ ஓர் உம்மா அதைப் பார்த்தால், "இது நம்மட வீட்டுக் கதை" என்றுதான் சொல்வார். நல்ல படம் ஒன்று அடுத்த வீட்டுக்காரனின் வேதனையைக் காட்டும்போது நமது வேதனையும் அதற்குள் தெரியும்.

பிறகு 1983 ஜூலை. கொழும்பில் கடைகளும் வீடுகளும் எரிந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. அது கே. குணரத்தினம் என்ற தமிழருடையது. சிங்களப் படவுலகைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர் அவர். அங்கே எரிந்தவற்றுள் படங்களின் மூலச் சுருள்களும் இருந்தன, சிங்களப் படங்கள் உட்பட. தமிழரின் சொத்து என்று வைத்த தீ, சிங்கள மக்களின் நினைவையும் சேர்த்தே எரித்தது. இனக்கலவரம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தது யுத்தம். அந்த யுத்தத்தின் நடுவில்தான், ஆச்சரியமாக, இந்த நாட்டின் மிக ஆழமான சிறிய படங்கள் பிறந்தன.

1997இல் பிரசன்ன விதானகே 'புரஹந்த களுவர' என்ற படத்தை எடுத்தார். பௌர்ணமி நாளின் இருள் என்று பொருள் கொள்ளலாம். வறண்ட பிரதேசக் கிராமம் ஒன்றில் கண் தெரியாத ஒரு கிழவர், வன்னிஹாமி. இராணுவத்தில் இருந்த மகனின் உடல் என்று மூடி முத்திரையிட்ட பெட்டி ஒன்று வருகிறது. திறந்து பார்க்கக் கூடாது என்கிறார்கள். ஊர் அழுகிறது, அடக்கம் முடிகிறது. கிழவர் மட்டும் மகன் இறந்ததாக நம்பவில்லை. அரசாங்கம் தரும் நட்டஈட்டுக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும். வீடு அரைகுறையாக நிற்கிறது, மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், பணம் அவசியம். ஆனால் கையெழுத்துப் போட்டால் மகன் இறந்துவிட்டான் என்று தகப்பனே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் போட மறுக்கிறார். கடைசியில் அந்தப் பெட்டியைத் தோண்டுகிற இடம் வருகிறது. அதற்குள் என்ன இருந்தது என்பதை நாங்கள் சொல்ல மாட்டோம், பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கிழவராக நடித்தவர் ஜோ அபேவிக்ரம. சிரிப்பு நடிகர் என்று பலர் அறிந்த அவர், இந்தப் படத்தில் அழாமலே நம்மை அழ வைப்பார்.

2000ஆம் ஆண்டு, ஆனையிறவு முகாம் விழுந்த பிறகு, அந்தப் படத்தைத் திரையிட அரசாங்கம் தடை போட்டது. இராணுவத்தினரின் மனத்தைத் தளர வைத்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். விதானகே நீதிமன்றம் போனார். 2001இல் உயர் நீதிமன்றம் படத்தைத் திரையிட விடச் சொன்னது. தியேட்டர்களுக்கு வந்ததும் சனம் திரண்டு போய்ப் பார்த்தது. பிள்ளையை யுத்தத்துக்கு அனுப்பிய சிங்களக் கிராமத்துத் தாய் தகப்பன்மாரின் மனசு அதில் இருந்தது. அதை முதலில் புரிந்துகொள்ளாதவர்கள் அதிகாரிகள்தான்.

இப்போது நமது பங்குக்கு வருவோம்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்தது. அந்த இடைவெளியில் விதானகே எடுத்து 2003இல் வெளிவந்த படம் 'இர மதியம'. ஒரே படத்தில் மூன்று கதைகள். ஒன்று, விமானப்படையில் இருந்து காணாமல்போன கணவனைத் தேடி, ஒரு பத்திரிகையாளரின் உதவியோடு வடக்கை நோக்கிப் போகும் ஒரு சிங்களப் பெண்ணின் கதை. இரண்டு, விடுமுறையில் வந்த ஓர் இளம் சிப்பாய், நண்பர்களோடு விபசார விடுதி ஒன்றுக்குப் போய், அங்கே தன் சொந்தத் தங்கையைக் காணும் கதை. மூன்றாவது கதை நம்முடையது. முஸ்லிம் கிராமம் ஒன்றை விடுதலைப் புலிகள் முழுதாகக் காலி பண்ணச் சொல்கிறார்கள். பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் தன்னுடைய நாயை விட்டுப் போக முடியாமல் தவிக்கிறான்.

நமது ஆட்கள் சிலர் இதைக் கேட்டதும் நெற்றியைச் சுருக்குவார்கள். "முஸ்லிம் வீட்டில் நாயா? இயக்குநருக்கு நம்மைப் பற்றித் தெரியாது." அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. நமது வீடுகளில் நாய் வளர்ப்பது வழக்கமில்லை. ஆனால் பிள்ளைகள் நமது மார்க்கச் சட்டத்தையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் ஒன்றில் பாசம் வைக்கிறார்களா? பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளில் ஒருவனாவது தெருநாய்க்குப் பணிஸ் துண்டு போடுவதை நாம் தினமும் காண்கிறோம். அத்தோடு இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வெளியேற்றத்தில் போன வீடு, காணி, நகை, கடை எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் எழுதி நட்டஈடு கேட்கலாம். சிறுவன் இழந்த நாயை எந்தப் படிவத்தில் எழுதுவது? கூடவே போன விளையாட்டுத் தோழனை, முற்றத்து மரத்தை, மையவாடியில் படுத்திருக்கும் மூத்தம்மாவை எந்த நிரலில் போடுவது? படம் பேசியது பட்டியலில் வராத அந்த இழப்பைத்தான்.

வடமாகாண முஸ்லிம்களின் வெளியேற்றத்தை இங்கே மீண்டும் ஒருமுறை எழுதி வைக்கிறோம், இளையவர்களுக்காக. 1990 ஒக்டோபர் கடைசி இரண்டு வாரத்துக்குள் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று மாகாணம் முழுவதிலும் இருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி. ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணித்தியாலம் அவகாசம் கொடுத்தார்கள். மொத்தம் சுமார் 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். அன்று பதினொரு வயதாக இருந்தவர் இன்று நாற்பதைத் தாண்டியவர். அன்று நாற்பதாக இருந்தவர்களில் பலர் மௌத்தாகிவிட்டார்கள்.

இந்தப் பெருந்துயரத்தைத் திரையில் வைத்த படம் மூன்றில் ஒரு பங்கு. அதையும் எடுத்தவர் ஒரு சிங்களவர். அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். நன்றியோடு நிறுத்திவிடவும் கூடாது.

விதானகே பற்றி இன்னொரு செய்தி. 2012இல் அவர் 'ஒப நத்துவா ஒப எக்க' என்ற படத்தை எடுத்தார். ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் குறுநாவல் ஒன்றை நமது நாட்டுக்குக் கொண்டுவந்த படம். மலையகத்தில் அடகுக்கடை வைத்திருக்கும் ஒரு சிங்களவர், வடக்கிலிருந்து வந்த செல்வி என்ற தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்கிறார். அவர் முன்பு இராணுவத்தில் இருந்தவர் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிய வருகிறது. ஒரே வீட்டில், ஒரே மேசையில், யுத்தம் இருவருக்கும் நடுவில் வந்து உட்காருகிறது. அந்தப் படத்தை 2014இல் சென்னையில் திரையிட்டபோது எதிர்ப்பு வந்து தியேட்டர் நிறுத்திவிட்டது. எடுத்தவர் சிங்களவர் என்பதுதான் பிரச்சினை. கொழும்பில் ஒரு படத்துக்குத் தடை, சென்னையில் இன்னொரு படத்துக்கு எதிர்ப்பு. மற்றவனின் வேதனையைக் காட்டுகிறவனுக்கு இரண்டு பக்கமும் அடி விழும் என்பதற்கு இவரை விட வேறு சாட்சி வேண்டாம்.

அதே 2012இல் அசோக ஹந்தகம 'இனி அவன்' எடுத்தார். முழுக்கத் தமிழில். புனர்வாழ்வு முடிந்து ஊருக்குத் திரும்பும் முன்னாள் போராளி ஒருவனின் கதை. தர்ஷன் தர்மராஜ் நடித்தார். ஊர் அவனை வரவேற்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போனவன் நீதானே என்று முகம் திருப்புகிறது. அவனுக்கு ஒரு காவலாளி வேலை கிடைக்கிறது. அந்த வேலையை இழந்தவனின் மனைவி வந்து அழுகிறாள். ஒருவனுக்குச் சோறு கிடைத்தால் இன்னொருவனுக்கு இல்லை என்ற நிலைமையை அந்தக் காட்சி காட்டும். 2023இல் விசாகேச சந்திரசேகரம் எடுத்த 'மணல்', முன்னாள் போராளி ஒருவனின் கதையை மீண்டும் எடுத்தது. ரொட்டர்டாம் விழாவில் சிறப்பு விருது பெற்றது.

ஆக, சிங்களத் தகப்பனின் கதை இருக்கிறது. சிப்பாயின் கதை இருக்கிறது. தமிழ்ப் போராளியின் கதை, அவனுக்காகக் காத்திருந்தவளின் கதை இருக்கிறது. நமது கதை?

1990 ஓகஸ்ட் 3, காத்தான்குடி. இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுஜூதில் சுடப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள், அவர்களுள் சிறுவர்களும். அடுத்த வாரம் ஏறாவூர். 2004 டிசெம்பர் 26. கடல் வந்து மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையைத் துடைத்துக்கொண்டு போனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் உயிர்கள், நாட்டிலேயே அதிகம். 2020இல் கொரோனாவைச் சாட்டி நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளான பச்சைக் குழந்தையும் எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் ஆட்கள் வந்து வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவர்களும் தமிழர்களும் கிறிஸ்தவர்களும் கட்டினார்கள். கபன் துணி கிடைக்காத பிள்ளைக்கு நாடே கபன் கட்டியது மாதிரி. எந்த இயக்குநரும் யோசித்து உண்டாக்க முடியாத காட்சி அது. நமது கண் முன்னால் நடந்தது.

சுனாமியில் இன்னொரு கதை, நமது கல்முனையிலேயே. இடிபாடுகளுக்குள் இருந்து எடுத்து வந்த ஒரு கைக்குழந்தையை ஆஸ்பத்திரியில் 81ஆம் இலக்கத்தில் பதிந்தார்கள். பல தாய்மார் "என்ட பிள்ளை" என்று வந்தார்கள் என உலகப் பத்திரிகைகள் எழுதின. கடைசியில் மரபணுப் பரிசோதனை செய்து, 2005 பெப்ரவரியில் பெற்றோரிடம் ஒப்படைத்தார்கள். செய்திக்காரர்கள் வந்தார்கள், அமெரிக்கத் தொலைக்காட்சி வரை கதை போனது. பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். பிள்ளையை இழந்து, அந்தக் குழந்தையின் முகத்தில் தன் பிள்ளையின் முகத்தைத் தேடிய ஒரு தாயின் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2020இல் சோமரத்ன திசாநாயக்க 'சுனாமி' என்ற படத்தை எடுத்தார். ஒரு பெண்பிள்ளையைச் சிங்களப் பெற்றோரும் தமிழ்ப் பெற்றோரும் தம் பிள்ளை என்று கோரும் கதை. நல்ல முயற்சி. ஆனால் சுனாமியில் மிக அதிகம் செத்த கரை நமது கரை. அந்தக் கரையின் உம்மாவுக்குத் திரையில் இன்னும் இடம் வேண்டும்.

ஏன் இப்படி? காரணங்களை நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது காரணம் சந்தை. இலங்கையில் தமிழ் பேசுகிறவர்கள் தொகை குறைவு. அவர்களுக்கும் படம் சென்னையிலிருந்து வந்துவிடுகிறது. ஒரு தமிழ்ப் படம் எடுத்துப் போட்ட காசை எடுப்பதே பெரும்பாடு. விதானகே போன்றவர்களும் வெளிநாட்டு நிதியோடுதான் படம் எடுத்தார்கள். 'புரஹந்த களுவர'வுக்கு ஜப்பானின் என்.எச்.கே. உதவியது.

இரண்டாவது, படத்தொழில் முழுவதும் கொழும்பில், சிங்களத்தில். நமது பிள்ளைக்கு அங்கே போய்க் கற்றுக்கொள்ள மொழியும் இல்லை, தங்க இடமும் இல்லை.

மூன்றாவது, நமக்குள்ளேயே உள்ள தயக்கம். சினிமா என்றாலே பாவம் என்று நினைக்கும் பெரியவர்கள் உண்டு. ஆடலும் அரைகுறை உடையுமாக வந்த படங்களைப் பார்த்துத்தான் அவர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள், அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் உடைக்கும் ஒழுக்கத்துக்கும் கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கும் ஈரானிலிருந்து வந்த படங்களைப் பாருங்கள். அப்பாஸ் கியாரொஸ்தமியின் 1987ஆம் ஆண்டுப் படம் ஒன்று. வகுப்புத் தோழனின் கொப்பியைத் தெரியாமல் எடுத்து வந்துவிட்ட சிறுவன், அதைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்துக் கிராமம் முழுக்க அலைகிறான். கதை அவ்வளவுதான். மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்', 1997. அண்ணனும் தங்கையும் ஒரே சோடிச் சப்பாத்தை மாறி மாறிப் போட்டுப் பள்ளிக்கு ஓடுகிறார்கள். அந்தப் படம் ஒஸ்கார் விருதுக்கான இறுதிப் பட்டியல் வரை போனது. இவற்றில் எந்த உம்மாவுக்கும் கண்ணை மூட வேண்டிய காட்சி இல்லை. அமானிதம் என்றால் என்ன என்று ஒரு மணித்தியாலம் பயான் செய்தாலும் மனதில் பதியாதது, அந்தக் கொப்பியோடு ஓடும் சிறுவனைப் பார்த்தால் பதிந்துவிடும்.

நான்காவது, அடிக்கடி நடப்பது. நமது இளைஞர்கள் இப்போது குறும்படம் எடுக்கிறார்கள், மிக்க சந்தோஷம். ஆனால் பாதிப் படங்கள் அறிவுரையாகத்தான் முடிகின்றன. போதைவஸ்து கூடாது, சீதனம் கூடாது, பெற்றோரை மதி. எல்லாம் சரி. ஆனால் பார்க்கிறவனின் மனசு அறிவுரைக்குத் திறப்பதில்லை, ஒரு மனிதனின் தவிப்புக்குத்தான் திறக்கிறது. 'புரஹந்த களுவர' யுத்தம் கூடாது என்று ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. ஒரு கிழவர் கையெழுத்துப் போட மறுக்கிறார், அவ்வளவுதான்.

"நமது சமூகத்தில் இந்தக் கலையெல்லாம் இல்லை" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கரையில் வயலில் காவல் இருந்தவனும் தறியில் இருந்தவளும் நாலு வரிக் கவியில் ஒரு முழுக் காதலையும் ஒரு முழுப் பிரிவையும் சொன்னார்கள். மச்சானை எண்ணி மச்சி பாடிய கவிகளை நமது மூத்தம்மாமார் இன்றும் முணுமுணுக்கிறார்கள். நீலாவணன் இருந்த காலத்தில் கல்முனையில் தமிழரும் முஸ்லிமும் ஒரே வட்டமாக இருந்து எழுதினார்கள். அந்தச் சூழலில் வளர்ந்த எம்.ஏ. நுஃமான் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மருதூர்க்கொத்தன் நமது ஏழைகளின் வாழ்க்கையைச் சிறுகதையாக்கினார். யுத்தம் உச்சத்தில் இருந்த நாட்களில் சோலைக்கிளி 'எட்டாவது நரகம்' என்ற தொகுதியை வெளியிட்டார். தலைப்பைக் கேட்டாலே அந்த வருடங்கள் ஞாபகம் வரும். கமரா இல்லாத குறையை நமது கவிஞர்கள் அன்று ஓரளவு நிரப்பினார்கள். உணர்ச்சிக்குப் பஞ்சம் இல்லாத சமூகம் இது. கருவிக்குத்தான் பஞ்சம் இருந்தது. இன்று அதுவும் இல்லை.

இந்தியாவில் முஸ்லிம் வாழ்க்கையைச் சொன்ன இரண்டு படங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று 'கரம் ஹவா', எம்.எஸ். சத்யு எடுத்தது, 1974இல் வெளிவந்தது. பிரிவினைக்குப் பிறகு ஆக்ராவில் ஒரு செருப்புத் தொழிற்சாலைக் குடும்பம். உறவுகள் ஒவ்வொன்றாகப் பாகிஸ்தானுக்கு ரயில் ஏறுகின்றன. சலீம் மிர்ஸா மட்டும் போகவில்லை. வீட்டைக் காலி பண்ணும் நாளில் கிழட்டுத் தாய் வெளியே வர மறுத்து ஒளிந்துகொள்ளும் காட்சி இருக்கிறது. வடக்கிலிருந்து வந்த நமது உறவுகள் யாராவது அதைப் பார்த்தால் தாங்க மாட்டார்கள். கலவரம் வரும் என்று பயந்து தணிக்கைக்காரர்கள் அந்தப் படத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். மிர்ஸாவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி, படம் வெளிவருவதைக் காணாமலே காலமானார்.

மற்றது 'சுடானி ஃப்ரம் நைஜீரியா', 2018, மலையாளம். சகரியா முஹம்மது எடுத்தது. மலப்புறத்தில் காற்பந்துக் குழு நடத்தும் மஜீத், காயப்பட்ட ஆபிரிக்க விளையாட்டு வீரனைத் தன் வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அவன் பேசுவது இவர்களுக்கு விளங்காது. ஆனாலும் மஜீதின் உம்மாவும் பக்கத்து வீட்டு உம்மாவும் அவனைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்க்கிறார்கள். மலப்புறத்தை நமது ஊர் என்றே சொல்லலாம். அதே காற்பந்து வெறி, அதே வளைகுடாப் பயணம், அதே உம்மாமார். சாய்ந்தமருதிலோ சம்மாந்துறையிலோ எடுத்திருக்கக்கூடிய படம் அது. முஸ்லிம் என்றால் திரையில் குண்டுடன் வருகிறவன் என்று ஆகிவிட்ட காலத்தில், ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு நாமும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட காலத்தில், இப்படி ஒரு படம் ஆயிரம் மறுப்பறிக்கைக்குச் சமம்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நமது கதையை நாம் சொல்லத் தொடங்கினால் முழுதாகச் சொல்ல வேண்டும். காத்தான்குடி நடந்த அதே 1990 ஓகஸ்டில், நமது பக்கத்து ஊரான வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு முந்திய ஜூனில் கல்முனைத் தமிழ் இளைஞர்கள் பலர் காணாமல் போனார்கள். அவர்களுடைய தாய்மாரும் வன்னிஹாமி மாதிரிப் பெட்டியை நம்பாமல் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெட்டிகூட வரவில்லை. விதானகேயும் ஹந்தகமவும் தம் சொந்தச் சமூகத்தின் சுகத்துக்காகப் படம் எடுக்கவில்லை. அதனால்தான் அவர்களை நாம் நம்புகிறோம். நமது பிள்ளை எடுக்கும் படத்தைத் தமிழ்த் தாய் ஒருவர் நம்பி உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதுதான் அளவுகோல்.

சரி, செய்யக்கூடியது என்ன?

முதலில் பார்ப்போம். மேலே சொன்ன படங்களை வீட்டில் குடும்பமாக, முடிந்தால் வாசிகசாலைகளில், விளையாட்டுக் கழகங்களில் மாதம் ஒன்றாகப் பார்ப்போம். பார்த்த பிறகு அரை மணித்தியாலம் பேசுவோம்.

அடுத்தது பதிவு. இந்தத் தவணை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேலை கொடுக்க நாங்கள் எண்ணியிருக்கிறோம். வீட்டில் அறுபது வயது தாண்டிய ஒருவரை, அவருடைய சம்மதத்தோடு, கைத்தொலைபேசியில் இருபது நிமிடம் பதிவு செய்ய வேண்டும். பின்னணி இசை வேண்டாம், எழுத்து ஓட விட வேண்டாம். "அன்று காலையில் என்ன சமைத்தீர்கள்?" "கடல் வரும்போது கையில் யாரைப் பிடித்திருந்தீர்கள்?" "ஊரை விட்டு வரும்போது எதை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள்?" இப்படிக் கேட்டால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள். அழுதால் நிறுத்த வேண்டும். பதிவை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். கேட்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது, அது அமானிதம். பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களும் சேர்ந்தால், இரண்டு பக்கப் பெரியவர்களின் குரலையும் பிள்ளைகள் சேர்ந்து கேட்கலாம்.

விஜயா ஸ்டூடியோவில் எரிந்த சுருள்களில் இருந்தவற்றுக்கு வேறு பிரதி இருந்திருந்தால் இன்றும் பார்க்கலாம். நமது ஊரில் சுருள்கள் இல்லை, மனிதர்கள்தான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜனாஸா அறிவித்தல் கேட்கும்போதெல்லாம் அவர்களில் ஒருவர் குறைகிறார்.

நாளை அவர்களில் எவர் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தாலும் நல்லதுதான். போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.

வஸ்ஸலாம்.